"ஏஐ வந்துவிட்டது, ராஜினாமா எழுதிக் கொடு" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

கேள்வி, 11 ஜனவரி 2026

பெருங்குடியில் மெடிக்கல் கோடிங் (நோயாளியின் ரிப்போர்ட்டைப் படித்து இன்சூரன்ஸுக்கான குறியீடு போடுவது), பில்லிங் கம்பெனி. சேர்ந்து ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. மாதம் 38,000. போன வாரம் எல்லாரையும் கூட்டிய டவுன்ஹால் மீட்டிங்கில் "கோடிங் வேலையை இனி ஏஐ பார்க்கும்" என்று ஸ்லைடு போட்டார்கள், கை தட்டவும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை எச்ஆர் தனியாகக் கூப்பிட்டார். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம், ரிலீவிங் லெட்டர் எல்லாம் உண்டாம். இல்லாவிட்டால் டெர்மினேஷன், அப்புறம் அடுத்த கம்பெனி வெரிபிகேஷனில் மாட்டிக்கொள்வாய் என்கிறார். பொங்கலுக்கு முன் பதில் வேண்டுமாம். ஏஐயைக் காரணம் காட்டி ஆளை வேலையை விட்டு எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? தெரிந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு 11.40

கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி. விவரம் காலையில். இதைப் படித்துக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டேன், பண்டிகைக்கு நாலு நாள் முன்னாலேயே.

12 ஜனவரி, காலை 7.15

ஆட்குறைப்பு என்றால் என்ன என்று தொழில் தகராறு சட்டம், 1947 சொல்கிறது. தண்டனையாக இல்லாமல், "எந்தக் காரணத்துக்காக இருந்தாலும்" முதலாளி ஒரு தொழிலாளியை நீக்குவது ஆட்குறைப்பு. நஷ்டம், புது மெஷின், ஏஐ எல்லாமே அந்த "எந்தக் காரணம்" என்பதற்குள் வந்துவிடும். 1976ல் ஸ்டேட் பாங்க் வழக்கு ஒன்றில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்தச் சொற்களுக்கு நல்ல அகலமான பொருள் கொடுத்தார்.

ஆனால் அதே வரையறை சிலதை வெளியே தள்ளுகிறது. தானாக விருப்ப ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பு இல்லை. ராஜினாமாவிலும் இதே கதைதான். உங்களை யாரும் நீக்கவில்லை, நீங்களாகப் போனீர்கள் என்று ஆகிவிடும். அந்த ஒரு தாளை வாங்கத்தான் இரண்டு மாதச் சம்பளம்.

கணக்குப் பாருங்கள். பிரிவு 25-எஃப் படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம். அதற்கு மேல், முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். உங்களுக்கு 15 நாள் என்பது தோராயமாக 19,000. ஒன்பது வருஷத்துக்கு 1,71,000. நோட்டீஸ் மாதம் 38,000. ஆக 2,09,000. அவர்கள் நீட்டுவது 76,000. ஐந்து வருஷம் தாண்டியதால் கிராஜுவிட்டி ராஜினாமா செய்தாலும் வரும், எடுத்தாலும் வரும். பிஎஃப் உங்கள் காசு. இந்த இரண்டையும் "செட்டில்மென்ட்" தாளில் சேர்த்துப் போட்டு, தொகையைப் பெரிதாகக் காட்டி, ஏதோ அவர்கள் கைக்காசைத் தருவது போலப் பேசுவார்கள். ஏமாறாதீர்கள்.

ஆக, ஏஐயைக் காரணம் காட்டி ஆளை எடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

12 ஜனவரி, மதியம் 2.30

காலையில் எழுதிய கடைசி வரி தப்பு. இங்கே ஒரு வழக்கறிஞர் தனிச்செய்தியில் காதைத் திருகிவிட்டார். எடுக்க இடம் இருக்கிறது. தொழிலை எப்படி மாற்றி அமைப்பது என்பது முதலாளியின் உரிமை, நேர்மையாகச் செய்கிறவரை கோர்ட் தலையிடாது என்று பாரி கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. மெஷின் வைக்காதே என்று எந்த நீதிபதியும் சொல்லப்போவதில்லை. எடுக்கிற முறை ஒன்று உண்டு, அதன்படி எடு என்பதுதான் சட்டம்.

இரண்டாவது குட்டு: நான் பழைய சட்டத்தை வைத்து எழுதிவிட்டேன். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. 25-எஃப் இப்போது பிரிவு 70. நோட்டீஸ், 15 நாள் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது, அதனால் 2,09,000 மாறவில்லை. புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: மறுதிறன் நிதி. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக முதலாளி 15 நாள் சம்பளத்தை அதில் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது உங்கள் கணக்குக்கு வர வேண்டும். ஒன்பது வருஷம் படிந்த வேலையை மெஷின் எடுத்துக்கொள்ளும், நீங்கள் 19,000 ரூபாயில் புதுத் திறன் கற்றுக்கொள்ள வேண்டும். சட்டம் எழுதியவருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

12 ஜனவரி, இரவு 10.05

"38,000 வாங்குகிறவன் தொழிலாளியா? அதெல்லாம் மில் ஆட்களுக்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த நம்பிக்கைதான் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலை முழுக்க எச்ஆருக்குச் சோறு போடுகிறது.

சட்டத்தில் தொழிலாளி என்றால் உடலுழைப்பு மட்டும் இல்லை. தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை எல்லாம் சேரும், அவற்றுக்குச் சம்பள வரம்பே கிடையாது. வரம்பு மேற்பார்வையாளருக்குத்தான். முன்பு 10,000, இப்போது 18,000. நிர்வாகப் பதவி என்றால் வெளியே. இதில் விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைக் கோர்ட் பார்க்காது, பகல் முழுக்க என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்க்கும். யாருக்காவது லீவு சாங்ஷன் செய்தீர்களா? யாரையாவது வேலைக்கு எடுத்தீர்களா? என் கடைசிப் பதவி "சீனியர் டீம் லீட்". நான் வழிநடத்தியது ஒரு ஹெட்செட்டையும் ஒரு கால் பெடலையும்.

ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டத்தின்படி குறையைக் கொண்டு போகலாம் என்று தமிழக அரசே 2016ல் தெளிவாகச் சொன்னது. பத்து வருஷம் ஆகிறது. இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது.

14 ஜனவரி, போகி

பழைய தாளெல்லாம் எரிக்கப் போனபோது என் 2011 சம்பளச் சீட்டுகள் கிடைத்தன. எரிக்கவில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் இருந்தேன். அமெரிக்காவில் டாக்டர் பேசிப் பதிவு செய்வார், நாம் இங்கே ராத்திரி காலால் பெடலை அழுத்தி அழுத்திக் கேட்டு டைப் செய்ய வேண்டும். 65 எழுத்து ஒரு லைன். அடிப்படைச் சம்பளம் போக லைனுக்கு 80 பைசா. கேட்காத இடத்தில் பிளாங்க் விட வேண்டும், யூகித்து அடித்தால் தரம் பார்க்கிற க்யூஏவில் வெட்டு விழும். "ஹைப்போ" என்றாரா "ஹைப்பர்" என்றாரா என்று ஒரே சொல்லை இருபது தடவை ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன். ஒன்று ரத்த அழுத்தம் குறைவு, மற்றது அதிகம். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசியிருப்பார்.

2011ல் ஒருநாள் பைலைத் திறந்தால் பாதி டைப் செய்து வந்திருக்கிறது. பேச்சைக் கேட்டு மெஷினே டிராஃப்ட் போட்டுவிடும், இனி நீங்கள் "எடிட்டர்" என்றார்கள். பெயரைக் கேட்டதும் பெருமைதான், வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்தால் எடிட்டிங் லைனுக்கு 40 பைசா. மெஷின் போட்ட தப்பை ஆடியோவோடு ஒப்பிட்டுத் திருத்துவது, புதிதாக அடிப்பதை விட மெதுவான வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் திருத்தத் திருத்த அது கற்றுக்கொண்டது. எங்கள் திருத்தம்தான் அதற்குப் பாடப் புத்தகம். அதற்கு எங்களுக்குக் கிடைத்த ஃபீஸ் 40 பைசா.

இப்போது சட்டத்தைப் புரட்டும்போதுதான் உறைக்கிறது. சம்பளத்தையோ சம்பளம் தரும் முறையையோ பாதகமாக மாற்றினால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். பழைய சட்டத்தில் 9-ஏ, புதியதில் பிரிவு 40. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கிற இயந்திர, தொழில்நுட்ப மாற்றமும் அதே பட்டியலில் இருக்கிறது. 2011ல் எங்கள் ஃப்ளோரில் இருநூறு பேர். ஒருவருக்காவது அந்த நோட்டீஸ் வந்ததா? ஒருவராவது கேட்டோமா? ஏஐ 2022ல் சாட்ஜிபிடியோடு வந்து இறங்கியது என்று எல்லாரும் பேசுகிறார்கள். எங்களிடம் அது பதினொரு வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது, பாதிச் சம்பளமாக.

14 ஜனவரி, இரவு

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். 2024ல் டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, ஆப்பே குறிப்பு எழுதிவிடும் என்றாகிவிட்டது. எங்கள் டீமில் 22 பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். "சொந்தக் காரணங்களுக்காக, சுயவிருப்பத்தின் பேரில்" என்று எழுதியிருந்தது. மூன்று மாதச் சம்பளம். பிறகு லேபர் ஆபீஸ் போனபோது அந்த அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது.

17 ஜனவரி

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், "நாங்கள் கம்ப்யூட்டரையே தடுத்தவர்கள்" என்று எழுதியிருக்கிறார். தடுக்கவில்லை ஐயா, விலை பேசினீர்கள். அதுவும் சாதாரணக் காரியம் இல்லை. 1983ல் வங்கி நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. எந்த அளவுக்கு மெஷின் வரலாம், அதை இயக்குகிறவருக்கு என்ன படி என்றெல்லாம் எழுதி வைத்துக்கொண்டார்கள். என் பெரியப்பா, வங்கிக் கணக்கைப் பதிவு செய்யும் லெட்ஜர் போஸ்டிங் மெஷினை எதிர்த்து வாசலில் கோஷம் போட்டவர். பிறகு அதே மெஷினில் உட்கார்ந்து ஸ்பெஷல் அலவன்ஸ் வாங்கினார். கேட்டால், "கோஷம் போட்டதால்தான் அலவன்ஸ்" என்பார்.

இன்னும் பின்னால் போனால், 1957 இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் "ரேஷனலைசேஷன்", அதாவது மெஷின் வைத்து வேலையை மாற்றி அமைப்பது பற்றி அரசு, முதலாளி, தொழிலாளி என முத்தரப்பும் ஒத்துக்கொண்டவை இருக்கின்றன: ஏற்கெனவே இருப்பவரை வேலையை விட்டு எடுக்கக்கூடாது, சம்பளம் குறையக்கூடாது, மெஷினால் வரும் லாபத்தில் பங்கு வேண்டும். அந்தக் காலத்துத் தறிக்காக எழுதியது. ஏஐ என்ற இடத்தில் தறி என்று இருக்கிறது, அவ்வளவுதான். 2023ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஏஐ பற்றி ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்த்தார்களே, அவர்களும் நீதிமன்றத்தால் வாங்கவில்லை, சங்கத்தால் வாங்கினார்கள். எங்கள் ஃப்ளோரில் இருந்தது பிறந்தநாள் கேக்குக்கு வசூல் செய்யும் வாட்ஸாப் குரூப் ஒன்றுதான்.

18 ஜனவரி

தம்பி கையெழுத்துப் போடவில்லையாம். "எழுத்தில் காரணத்தைத் தாருங்கள்" என்று மெயில் அனுப்பிவிட்டாராம். சபாஷ்.

டவுன்ஹால் ஸ்லைடை யாராவது போட்டோ எடுத்திருந்தால் வாங்கி வையுங்கள். சொந்த மெயிலுக்குக் கம்பெனி ஃபைல் எதையும் அனுப்பாதீர்கள், அதையே குற்றமாக்கிவிடுவார்கள். மீட்டிங் அழைப்பு, தேதி, யார் பேசினார், என்ன சொன்னார் என்று டைரியில் எழுதுங்கள். மேடையில் பேசும்போது ஏஐ, கடிதத்தில் எழுதும்போது உங்கள் பர்ஃபார்மன்ஸ். இரண்டு வாயால் பேசுகிறவர்களிடம் இரண்டு வாயையும் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

23 ஜனவரி

இழை எங்கெங்கோ போகிறது, போகட்டும். ஒருவர் தன் மகனுக்கு ஏஐ இன்டர்வியூ நடந்ததைக் கேட்டிருந்தார். என் அக்கா மகனுக்கும் நடந்தது. கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசினான், எதிரே ஆளே இல்லை. நடுவில் பாட்டி வந்து "யாரோடடா பேசுகிறாய்" என்று கேட்டார். அதற்கு எத்தனை மார்க் போயிற்றோ. ரிஜெக்ட் மெயில் ராத்திரி 2.40க்கு வந்தது, ஏன் என்று ஒரு வரி இல்லை.

அமெரிக்காவில் ஐடியூட்டர்குரூப் வழக்கு என்று ஒன்று. ஆன்லைனில் பாடம் நடத்த ஆள் எடுக்கும் மென்பொருள், 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60 வயதைத் தொட்ட ஆண்களையும் தானாகவே ஒதுக்கியது. விண்ணப்பித்த ஒருவர் பிறந்த வருஷத்தை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினார், உடனே இன்டர்வியூ வந்தது. அப்படித்தான் குட்டு உடைந்தது. 2023ல் 3,65,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். நியூயார்க் நகரத்தில் இப்படிப்பட்ட மென்பொருளுக்குப் பாரபட்சத் தணிக்கை கட்டாயம். ஐரோப்பாவில் வேலையிடத்தில் ஒருவரின் உணர்ச்சியை ஏஐ கொண்டு கணிப்பதே 2025 பிப்ரவரி முதல் தடை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர.

இங்கே? 2023ல் வந்த நம் தனிநபர் தரவுச் சட்டம், வேலை சம்பந்தமான காரியம் என்றால் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலேயே தரவைப் பயன்படுத்தலாம் என்கிறது. மெஷின் மட்டுமே முடிவெடுத்தால் "மனிதர் ஒருவர் பார்க்கட்டும்" என்று கேட்கும் உரிமை ஐரோப்பியருக்கு உண்டு. நம் சட்டத்தில் அந்த வரி இல்லை.

23 ஜனவரி, சற்று கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. டெலிவரி பையன்கள் "ஐடி பிளாக் ஆயிடுச்சு" என்பார்களே, அதுவும் வேலையை விட்டு எடுப்பதுதான், எச்ஆர் முகம்கூட இல்லாமல். கர்நாடகம் 2025ல் கொண்டுவந்த சட்டத்தில், எழுத்தில் காரணம் சொல்லி 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. கணினியே வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் கண்காணிப்பதும் எப்படி என்று சொல்லவும் வேண்டும். தமிழகத்தில் நமக்கு 2023ல் நலவாரியம் வந்தது. நலவாரியம் வேறு, நோட்டீஸ் வேறு.

1 பிப்ரவரி

நேற்று முன்தினம் தம்பிக்கு டெர்மினேஷன் கடிதம் வந்துவிட்டது. காரணம்: "தொடர்ச்சியான பர்ஃபார்மன்ஸ் குறைபாடு". டிசம்பரில் அவருக்கு ஸ்டார் அவார்டு கொடுத்த கம்பெனி. ஏஐ என்ற இரண்டெழுத்து கடிதத்தில் எங்குமே இல்லை.

இன்னொன்று: அவர் பிரிவில் போன வருஷம் சேர்ந்த நான்கு பேர் அங்கேயே இருக்கிறார்கள். ஒரே வகை வேலையில் கடைசியில் வந்தவர்தான் முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனிக்கு எப்போதும் தலைகீழ்தான் வசதி, பழைய ஆளுக்குத்தானே சம்பளம் அதிகம். இதை மனுவில் முதல் பத்தியில் வையுங்கள்.

ஒரு வருஷத்துக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவருக்கு முன்னுரிமை. பழைய சட்டத்தில் இந்த ஒரு வருஷ எல்லை இல்லை, புதியதில் குறுக்கிவிட்டார்கள். சும்மா எழுதி வைத்த பிரிவு என்று நினைக்காதீர்கள். 2025ல் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி வாய்ஸ் பாட் வந்துவிட்டது என்று 45 பேரை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தது. போன்கள் குறையும் என்றார்கள், கூடியது. சங்கம் விடவில்லை. ஒரு மாதத்துக்குள் தவறு என்று ஒப்புக்கொண்டு முடிவைத் திரும்பப் பெற்றார்கள். ராஜினாமா எழுதியவருக்கு இந்த முன்னுரிமையும் கிடையாது.

9 பிப்ரவரி

"கேஸ் போட்டால் வேலை திரும்பக் கிடைக்குமா?" பெரும்பாலும் பணமாகத்தான் முடியும். இப்போதெல்லாம் மொத்தத் தொகை கொடுத்து முடிக்கச் சொல்வதுதான் அதிகம். வருஷக்கணக்கில் இழுக்கும். பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் 76,000க்கும் அந்தத் தொகைக்கும் வித்தியாசம் இருக்கும்.

24 பிப்ரவரி

லேபர் ஆபீஸின் சமரச அலுவலர் முன் தம்பியின் முதல் நாள் முடிந்தது. கம்பெனி சார்பில் வந்தவர் பர்ஃபார்மன்ஸ் என்றார். தம்பி டவுன்ஹால் ஸ்லைடின் படத்தையும் ஸ்டார் அவார்டையும் மேசையில் வைத்தார். மார்ச்சுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். சமரசத்துக்கு மனு கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த வழக்கறிஞர் மறுபடி தனிச்செய்தி அனுப்பினார். "அடுத்தவருக்குச் சொல்கிறீர்களே, உங்களுடையது என்ன ஆயிற்று? மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே இல்லை என்று வாதிடலாமே. நிரூபிப்பது கஷ்டம்தான். ஆனால் 22 பேரிடம் ஒரே வாரத்தில், ஒரே வாசகத்தில் 'சொந்தக் காரணம்' வந்திருக்கிறதே?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு பேருக்கும் ஒரே சொந்தக் காரணம்.

நீக்கப்பட்டால் தீர்ப்பாயம் போகப் பழைய சட்டத்தில் மூன்று வருஷம், புதியதில் இரண்டு. எனக்கு எது பொருந்தும் என்று வாதாடலாம், ஆனால் இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நான் வெளியே வந்தது 2024 ஏப்ரல் 16. காலண்டரை எடுத்துப் பார்த்தேன். நாளைக்கே மனு கொடுத்தால் 45 நாள் ஏப்ரல் 11 சனிக்கிழமை முடிகிறது. ஞாயிறு போச்சு. 14 சித்திரை ஒன்று, லீவு. மிச்சம் 13, 15, 16. மூன்று நாள்.

டீமில் ஏழு பேர் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது, கேக் குரூப் உபயம். இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள், ஒருத்தி கடிதத்தின் நகலையும் அனுப்பிவிட்டாள். என்னுடையதில் இருக்கும் அதே எழுத்துப்பிழை அதிலும் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்து லேபர் ஆபீஸில் இருப்பேன்.